இரண்டு தாம்பாளமும் ஓர் உருண்டைப் புளியும்

போன ஞாயிற்றுக்கிழமை. இன்னும் பல்கூட விளக்கவில்லை. போன் அடித்தது.

"டேய், இன்னிக்கு ஒரு வேலையும் வச்சிக்காத. கெளம்பி வலங்கைமான் வா. காசுக்கு வெல சொல்லணும்."

கலியபெருமாள். என்னோடு கும்பகோணத்தில் காலேஜ் படித்தவன். வலங்கைமான் கடைத்தெருவில் அப்பா வைத்த பாத்திரக் கடையை இப்போது அவன் நடத்துகிறான். போனில் அவன் 'ஹலோ' சொல்லி நான் கேட்டதே கிடையாது.

"என்ன காசுடா?"

"அப்பா வச்சிருந்த காசு. வந்து பாரு. விரால் எடுத்திருக்கேன்."

காசைவிட விரால்தான் என்னைக் கிளப்பியது என்று எழுதினால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். ஆனாலும் எழுதிவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் நாணயப் பைத்தியம் தெரியும். என்னிடமுள்ள பழைய காசு ஆல்பத்தைப் பற்றி ஒரு வாரம் இங்கே எழுதித் தொலைத்தேன். அன்று பிடித்தது சனி. வாட்ஸ்அப்பைத் திறந்தால் காசு, நோட்டு, மறுபடி காசு. எல்லாவற்றின் கீழும் ஒரே கேள்வி — 'சார், இது எத்தனை லட்சம் போகும்?'

ஆயிரம் போகுமா என்று கேட்டால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் லட்சம்தான்.

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு வாசகர், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை அனுப்பியிருந்தார். அதை லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதாம், வீடியோவில் சொன்னார்களாம். "அவங்க பணம் அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன். "இல்லங்க சார், மொதல்ல நம்மளை ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் அனுப்பச் சொல்றாங்க" என்றார். ஐயா, அந்த ஃபீஸ்தான் அவர்கள் வியாபாரமே! டிராக்டர் படம் போட்ட நோட்டுக்கு டிராக்டரே கிடைக்குமென்றால், நம் டெல்டாவில் ஒருவராவது வாடகை டிராக்டருக்குக் காத்துக்கொண்டு நிற்பாரா? நல்லவேளை, மனுஷர் ஃபீஸ் அனுப்பவில்லை. ஆனால் என்மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். லட்சத்தைக் கெடுத்தவன் நானல்லவா?

கூத்தாநல்லூர் வாசகர் ஒருவரின் கதை வேறு. 786 என்று எண் முடிகிற நூறு ரூபாய் நோட்டு. ராசியான எண் என்பதால் இதற்கு உண்மையிலேயே ஆள் உண்டு. நோட்டு மடிப்பில்லாமல் புதிதாக இருந்தால் முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்துவார்கள். சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"ஆனா விக்க மாட்டேங்க. பேரன் பொறந்த அன்னிக்குக் கைக்கு வந்த நோட்டு."

"அப்புறம் எதுக்கு வெல கேட்டீங்க?"

"சும்மாதான்... தெரிஞ்சு வச்சிக்கிட்டா ஒரு தெம்பு."

நியாயம்தானே? விற்கவே போகாத மனைக்கு ரேட் விசாரிக்காத ஆள் நம்மில் யார்?

பழைய காசுக்கு விலை சொல்வது அப்படியொன்றும் மந்திரவித்தை இல்லை. அந்த ரகத்தில் இன்னும் எத்தனை மிச்சமிருக்கின்றன, கையிலுள்ள காசு எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தேடி அலைகிற ஆள் இருக்கிறாரா — இவ்வளவுதான். வயது கடைசியில்தான் வரும். பழசு என்பதற்காகவே விலை ஏறுமென்றால் எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் என்னைத்தான் ஏலம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பைக்கில் கிளம்பினேன். தஞ்சாவூரைத் தாண்டியதும் வழி நெடுகக் குறுவை நெல். பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு நெல்லுக்கு. பாபநாசத்தில் ஒரு காபி. ஈர வைக்கோல் வாசனையும் வயிற்றில் காபியுமாக இருந்தபோது, உலகத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் கலியபெருமாள் நின்றிருந்தான். அவன் மனைவி மங்கை — மங்கையர்க்கரசி — ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தாள். அந்த ஃப்ரிட்ஜின் கதவு தானாக மூடாது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்துத் திறந்து, மூடித் திரும்பக் கட்ட வேண்டும். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற காட்சி இது.

"வாங்கண்ணே. அண்ணி வரலியா?"

"மீன் விஷயத்தை அவகிட்ட சொல்லலம்மா."

சிரித்தாள். உட்கார்ந்ததும் கலியபெருமாள் விஷயத்துக்கு வந்தான்.

கடைப் பரணை ஒழித்தபோது ஒரு பித்தளைச் செம்பு கிடைத்திருக்கிறது. உள்ளே காசு. இவர்கள் கடையில் பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு கொடுப்பது வழக்கம். வருகிற பழைய பாத்திரங்களோடு சில நேரம் செல்லாக் காசுகளும் வந்து விழும். இவன் அப்பா அவற்றை உருக்கப் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார். எதற்காக? யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு அவரும் இல்லை.

அப்பா வைத்துவிட்டுப் போனது என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டல்லவா? தம்பி செந்தில் சிங்கப்பூரில் இருக்கிறான். கப்பல் பட்டறையில் வேலை. அண்ணன் தம்பிக்குள் இதுவரை ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. காரணம், அந்த வீட்டில் பங்கு பிரிக்கிற முறை. அண்ணன் பங்கு வைப்பான், தம்பி முதலில் எடுப்பான். நிலத்தையும் அப்படித்தான் பிரித்துப் பட்டா மாற்றினார்கள். யோசித்துப் பாருங்கள்... தனக்கு எந்தப் பங்கு மிஞ்சும் என்று தெரியாதவன் ஓரவஞ்சனை செய்ய முடியுமா? வாய்க்கால் பாசனமும் மேடு பள்ளமும் பார்த்துப் பார்த்து வைத்தான் கலியபெருமாள். செந்தில் கையைக் காட்டினான். முடிந்தது. எடுத்த பங்கைப் பிறகு யாரும் கலைக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

காசையும் அதே மாதிரி பிரித்திருக்கிறார்கள். ஜோடி ஜோடியாக. இந்தத் தாம்பாளத்தில் ஒரு வெள்ளி ரூபாய், அந்தத் தாம்பாளத்தில் ஒரு வெள்ளி ரூபாய். இங்கே ஓர் ஓட்டைக் காலணா, அங்கே ஓர் ஓட்டைக் காலணா. முந்தின நாள் செந்தில் வீடியோ காலில் வந்து தன் தாம்பாளத்தைச் சொல்லிவிட்டான்.

"முடிஞ்சிருச்சே. அப்புறம் நான் எதுக்குடா?"

"மத்தியானம் தம்பி கூப்புடுவான். ரெண்டு பங்கும் ஒரே வெலதான்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. அவனுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. நீதான் பேப்பர்ல எல்லாம் எழுதுறியே."

இவ்வளவுதானா வேலை? விராலுக்கு இது ரொம்ப மலிவு என்று நினைத்துக்கொண்டேன்.

மங்கை தாம்பாளங்களைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள்.

ஒன்று கறுப்பு. இன்னொன்று கண்ணைப் பறித்தது.

மின்னுகிற தாம்பாளத்திலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்தேன். ரோஜா நிறம். நேற்று வார்த்த குத்துவிளக்குகூட இவ்வளவு பளபளக்காது.

"ஏம்மா... இதை என்ன பண்ணின?"

"தேச்சேண்ணே" என்றாள் மங்கை. முகமெல்லாம் பெருமை. "புளியும் சாம்பலும் போட்டு. சிங்கப்பூர்லேர்ந்து போன்ல பாக்குறாரு, கறுப்பா காட்டுனா என்ன தெரியும்? ரெண்டு தட்டையும் தேச்சு வச்சிடலாம்னு ஆரம்பிச்சேன். ஒண்ணு முடிச்சதுமே அவரு கூப்புட்டுட்டாரு."

"அப்ப அவன் எடுத்தது..."

"மின்னுறதைத்தான். 'அண்ணி, அந்தப் பளபளன்னு இருக்கறது எனக்கு'ன்னாரு. இது நம்ம பங்காப் போச்சா, நாமதானே, மெதுவா தேச்சிக்கலாம்னு வச்சிட்டேன்."

பாத்திரக் கடை வீடு! அங்கே பிறந்ததிலிருந்து எல்லாரும் பார்ப்பது ஒன்றுதான். கறுத்த குடம் உள்ளே வரும், தேய்த்து மெருகேறி முன்வரிசையில் உட்காரும், விலை போகும். விற்கிற பொருளைத் தேய்க்காமல் வைத்தால்தான் அவளுக்கு வெட்கம். அவள் செய்தது அவள் அறிந்த ஒழுங்கு. அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

ஆனால் என் உலகத்தில் அது கொலை.

செப்புக் காசில் காலப்போக்கில் ஒரு தோல் படியும். களிம்பு என்போம். பழுப்பாக, சில சமயம் பச்சையோடிக் கறுப்பாக. சேகரிப்பவர்கள் உயிரை விடுவதே அந்தத் தோலுக்குத்தான். காசு அசல், யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. புளி பட்டால் தோல் உரிந்துவிடும். சாம்பல் பட்டால் முகத்தில் மயிரிழைக் கீறல் விழும். அப்புறம் எத்தனை வருஷம் பொத்திவைத்தாலும் பழைய முகம் திரும்பாது. பழைய காசை எதைப் போட்டும் தேய்க்காதீர்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் இதைவிட உபயோகமான வரி எதையும் நான் எழுதியதில்லை.

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். கறுப்புத் தாம்பாளத்தைக் கிளறினேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் செல்லாக் காசுகள், நாகப்பட்டினத்தில் புழங்கிய டச்சுக் காசுகள்... அப்புறம் ஒன்றைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. தரங்கம்பாடி டேனிஷ் காசு. கிரீடமும் அதன்கீழ் பின்னிக் கிடக்கிற எழுத்துகளும் அப்படியே இருந்தன. சாக்லேட் நிறத் தோல். அதேபோல் இன்னும் சில. இவற்றுக்கு நிஜமாகவே ஆள் உண்டு. சென்னையில் கண்காட்சி போட்டால் மேஜையைச் சுற்றி நிற்பார்கள்.

மின்னுகிற தாம்பாளத்தில் இவற்றின் ஜோடிகளைத் தேடினேன். இருந்தன. கிரீடம் எது, தேய்ந்த பள்ளம் எது என்று தெரியவில்லை.

என் முகத்தைப் பார்த்தே கலியபெருமாளுக்கு ஏதோ உறைத்துவிட்டது. "என்னடா?" என்றான்.

சொன்னேன். வெள்ளி ரூபாய்களைப் பற்றிக் கவலையில்லை, தேய்த்தாலும் வெள்ளி விலை நிற்கும். செம்பில்தான் வித்தியாசம். தேய்த்த பங்கு ஏறக்குறைய பழைய செம்பு விலை. தேய்க்காத பங்கு...

"தேய்க்காத பங்கு?"

நான் அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். "அந்த மாதிரி இல்ல. டபுள் டோர். அதுவும் நல்ல கம்பெனியா வாங்கலாம்."

மங்கையின் கண் ஒரு கணம் அந்த சைக்கிள் டியூப் மேல் போய் நின்றது. நான் பார்த்தேன். இதை எழுதுவது அவளுக்குப் பிடிக்குமா தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு கணம் இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கு மதிப்பில்லை.

கலியபெருமாள் சந்தோஷப்படவில்லை. வெளுத்துப்போனான்.

"போச்சுடா. நல்ல பங்கை ஒளிச்சு வச்சிக்கிட்டு, மட்டமானதுக்கு மெருகு போட்டுத் தம்பி தலையில கட்டிட்டேன்னு ஆயிடுமே!"

"செந்தில் அப்படியெல்லாம் நினைக்கிற ஆளா?"

"நெனக்க மாட்டான். ஆனா நெனக்கறதுக்கு எடம் வந்துருச்சுல்ல?" அவன் குரல் கம்மியது. "கடையில இத்தனை வருஷமா கேக்குற பேச்சுடா இது. 'பழசுக்கு மெருகு போட்டுப் புதுசுன்னு தள்றியா?'ன்னு. வாடிக்கை சொன்னா தொடச்சிட்டுப் போயிடுவேன். தம்பிக்கு ஒரு செகண்டு அப்படித் தோணிட்டா?"

எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொன்னேன். இரண்டு தாம்பாளத்தையும் ஒன்றாகக் கொட்டி, மறுபடி பிரித்தால் என்ன? பாதி மின்னல், பாதி கறுப்பு என்று ஆளுக்குச் சமமாக வருமே!

"எடுத்த பங்கை அண்ணங்காரனே கலைக்கறதா? அப்ப நாளைக்கு நெலத்தையும் கலைக்கலாமா?"

"சரி, தட்டை மாத்திக்கடா. கறுப்பை அவனுக்குக் கொடுத்துடு."

"குடுக்கறேன். அவன் வாங்கணுமே."

கடைசியாக, வாய்க்கு வந்ததையும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் ரெண்டும் ஒரே வெலன்னு சொல்லிடறேன். அவனுக்கு என்ன தெரியப் போவுது?"

மங்கைதான் சட்டென்று சொன்னாள்: "அது வேணாம்ணே. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் தெரிஞ்சுதுன்னா, தேச்சதும் பொய், சொன்னதும் பொய்னு ஆயிடும். தேச்சது நானு. நானே சொல்றேன்."

மத்தியானம் செந்தில் கூப்பிட்டான். மங்கை ஸ்பீக்கரில் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. தான் தேய்த்தது, தேய்த்ததால் விலை போனது, தேய்க்காத தாம்பாளம் தங்களிடம் தங்கிவிட்டது, அதன் மதிப்பு — எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

போனில் சத்தம் இல்லை.

ரொம்ப நேரமில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அப்புறம் செந்தில் சிரித்தான்.

"அட, விடுங்க அண்ணி! மின்னுதுன்னு எடுத்தது நான்தானே? எடுத்தது எடுத்ததுதான். வித்து மொதல்ல அந்த ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடுங்க."

"நீ கறுப்பை எடுத்துக்கடா" என்றான் அண்ணன்.

"கலைக்கக் கூடாதுண்ணே. நீதானே சொன்ன? சரி, இன்னொரு கால் வருது, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான். நல்ல பையன். பெருந்தன்மையாகத்தான் பேசினான். கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூடத்தில் யாரும் அசையவில்லை. காரணம், அந்த ஒரு மூச்சு.

அது நெட்வொர்க்கா? சிங்கப்பூர் லைன் அப்படித்தான் சில நேரம் விட்டுவிட்டு வரும். இல்லை, மனசா? 'அண்ணன் தெரிந்துதான் செய்தானோ' என்று ஒரு நினைப்பு வந்துபோகிற இடைவெளியா? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், கேட்டதே குற்றமாகிவிடும்.

கலியபெருமாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சாப்புடலாமா?" என்று கேட்டேன். "பசிக்கல" என்றான். காலேஜ் நாளிலிருந்து அவன் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. எனக்கே கலக்கமாகிவிட்டது. என் நாக்கைக் கொஞ்சம் அடக்கியிருக்கலாமோ, டபுள் டோர் என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

மங்கை எழுந்தாள். கறுப்புத் தாம்பாளத்தைத் தூக்கினாள். அடுப்படிக்குள் போனாள். கொல்லைப் பக்கம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

எனக்கு ஏதோ உறைத்தது. ஓடினேன்.

குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மீன் குழம்புக்கென்று கிண்ணத்தில் ஊறவைத்திருந்த புளி பக்கத்தில் இருந்தது. நல்ல பெரிய உருண்டை. இன்னொரு பக்கம் சாம்பல். செல்போனை வாளியில் சாய்த்து வைத்து, செந்திலுக்கு வீடியோ கால் போட்டிருந்தாள்.

"ஏம்மா! ஏம்மா! என்ன பண்ற?"

"மிச்சத்தைத் தேய்க்கறேண்ணே."

"ஐயோ, அது டேனிஷ் காசும்மா!"

"யாரு காசா இருந்தா என்ன?"

போனில் செந்திலின் முகம் வந்தது. "என்ன அண்ணி, இப்பதானே பேசினோம்..." என்றவன், அவள் கையிலிருப்பதைப் பார்த்துவிட்டான். "அண்ணி! ஐயோ அண்ணி, நிறுத்துங்க! அது வெல போற காசு!"

"வெல போற வரைக்கும்தானே அது ஒசத்தி?" என்றாள் மங்கை. கை நிற்கவில்லை. கறுப்புத் தண்ணீர் ஓடியது. "நீங்க எடுத்த பங்கைக் கலைக்கக் கூடாது. எங்க பங்கை நாங்க என்ன வேணா பண்ணிக்கலாம்ல? நல்லா பாத்துக்குங்க, ஒண்ணு விடாம தேய்க்கறேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "மங்கை, அந்த ஒரு காசை மட்டும்... அந்தக் கிரீடம் போட்டதை மட்டுமாவது..."

"எதுண்ணே? இதுவா?" என்று தூக்கிக் காட்டினாள். ரோஜா நிறம்.

கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் போனில் அந்தச் சிரிப்புக் கேட்டது. இந்த முறை முன்னால் இடைவெளி இல்லை. செந்தில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே, "அண்ணே, அண்ணன் எங்க? அவனைக் கூப்புடுங்க" என்றான். கலியபெருமாள் ஏற்கெனவே என் பின்னால்தான் நின்றிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண்டாட்டிக்கு எதிரே உட்கார்ந்தான். "இப்படியா தேய்ப்பாங்க? ஓரமெல்லாம் விட்டுப்போச்சு பாரு" என்று ஒரு காசை வாங்கி, கட்டைவிரலால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தான். பாத்திரக் கடைக்காரன் கை. நிமிடத்தில் கண்ணாடியாக்கிவிட்டான்.

நான் குழாயடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நாணயம் சேர்க்கிறவனுக்கு அதைவிடக் கொடிய காட்சி கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்... என் மனசு நிறைந்துபோயிற்று.

எல்லாம் முடிந்து இரண்டு தாம்பாளமும் கூடத்துக்கு வந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இடம் மாறினால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. மங்கை செந்தில் தாம்பாளத்தின் விளிம்பில் மஞ்சள் தடவி அடையாளம் வைத்தாள்.

"அண்ணே" என்று போனிலிருந்து செந்தில் என்னைக் கூப்பிட்டான். "நீங்க வெல சொல்லத்தானே வந்தீங்க? சொல்லுங்க. ரெண்டு பங்கும் எப்படி?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரே வெலதான்" என்றேன்.

காலையில் எந்த ஒரு வார்த்தைக்காக என்னை வரவழைத்தார்களோ, அதே வார்த்தை. ஒரு சொட்டுப் பொய்யில்லாமல் சொன்னேன். கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தான், ரொம்ப நேரம் துடைத்தான். அப்புறம், "பசிக்குதுடி" என்றான்.

குழம்பு கிடையாது. புளிதான் காசோடு போய்விட்டதே! விராலை அப்படியே மிளகாய் தடவி வறுத்தாள். ரசமும் இல்லை. சோறு, வறுவல், கெட்டித் தயிர். தயிரை எடுக்க மங்கை அந்த சைக்கிள் டியூபை அவிழ்த்தாள், எடுத்தாள், மூடினாள், கட்டினாள். அவள் முகத்தில் எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தேன். 'இன்னொரு துண்டு வைக்கட்டுமாண்ணே?' என்கிற கேள்வி மட்டும்தான் இருந்தது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு விலை சொல்லியிருக்கிறேன்! அரிதானதா, நிலை எப்படி, வாங்க ஆள் இருக்கிறதா... இவ்வளவும் பார்த்துத்தான் சொல்வேன். அன்றைக்கு அந்தக் கொல்லையில் அரிதாக இருந்தது எது? எங்கள் ஊர்ப் பக்கம் பங்காளிச் சண்டை நடக்காத தெருவைக் காட்டுங்கள் பார்க்கலாம். வரப்பில் நாலு விரல் மண்ணுக்குக் கோர்ட் வாசலில் தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மூச்சு நேரச் சந்தேகத்தைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று, டபுள் டோர் ஃப்ரிட்ஜைச் சாக்கடையில் கரைத்துவிட்ட ஒரு பெண்மணியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இனி பார்ப்பேனா என்றும் தெரியாது.

இதற்கு என்ன விலை போடுவது? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதில் ஒரு சுகம்கூட இருந்தது.

கிளம்பும்போது மங்கை ஒரு காசை என் கையில் வைத்து மூடினாள். "இவ்வளவு தூரம் வந்ததுக்கு" என்றாள். கிரீடம் போட்ட டேனிஷ் காசு. மழமழவென்று, ஒரு கீறலுக்கு நூறு கீறலோடு, அப்படி மின்னியது. என் ஆல்பத்தில் அதைவிடக் கெட்டுப்போன காசு கிடையாது. முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கதையை இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் விலாவாரியாகச் சொன்னேன். விராலையும் மறைக்கவில்லை. அவள் அந்தக் காசை வாங்கி, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"வெறும் புளிக்கா இப்படி மின்னுது? உங்க ஆல்பத்துல மத்ததெல்லாம் ஏங்க இப்படி அழுக்கா கெடக்கு? நாளைக்கு எனக்கு வேலையில்லைதான்... கொடுங்களேன்."

ஆல்பம் இருக்கிற பீரோ சாவி இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது, தூங்கும்போதும்.